வலது கால்

நல்லாக் குனியட்டும் என்று சொன்னது தொம்மைதான், அதில் சந்தேகமில்லை, அந்தக் கரகரப்பு அவருடைய தொண்டைக்கு மட்டும் உண்டு, பீடியை விட்டு இத்தனை வருஷமாகியும் போகாத கரகரப்பு. என் இடது பக்கத்து நாற்காலியில் அவர், வலது பக்கத்தில் என் தம்பி இன்னாசி, நடுவில் நான். என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து அவர் சொன்னதை இவன் சாய்ந்து வாங்கிக்கொண்டான். "நல்லாக் குனியட்டும் மாப்ள. நம்ம காலப் புடிக்க வச்சுட்டியே, கெட்டிக்காரன்தான்யா நீ." இன்னாசி மூக்கால் சிரித்தான். சிறு வயதிலிருந்தே அவன் சிரிப்பு அப்படித்தான், வாய் மூடியிருக்கும், மூக்கிலிருந்து காற்று மட்டும் வரும். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் வேறு அர்த்தம் தேடிப் பார்த்தேன், பாயில் விழுந்த ஊசியைத் தடவித் தேடுகிற மாதிரி. கால் கழுவ வருகிற பங்குச்சாமி நல்ல உயரம், குனிந்தால்தான் எட்டும், அதைச் சொல்லியிருக்கலாம். சரி, காலைப் பிடிக்க வைத்துவிட்டாய் என்றால்? இல்லை, அதற்கு வேறு அர்த்தம் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் கபிரியேல் சாமி பூசை உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, இடுப்பில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கோயில்பிள்ளை கூஜாவில் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்கிறது. வானவர் கீதத்தோடு மணிகளையெல்லாம் நிறுத்தியாயிற்று, இனி உயிர்ப்பு வரைக்கும் மரக்கட்டைதான், அதனால் கோவிலுக்குள் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. தண்ணீர் விழுவது, விசிறி சுற்றுவது, முன்வரிசையில் யாரோ ஜெபமாலையை உருட்டுவது. நல்லாக் குனியட்டும். சாமிக்கும் கேட்டிருக்குமோ.

நான் எதற்கு இங்கே வந்து உட்கார்ந்தேன். போன ஞாயிறு குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே இன்னாசி வீட்டுக்கு வந்தான். "அக்கா, பெரிய வியாழனுக்கு நீயும் ஒரு நாற்காலியில உக்காரு. நம்ம வீட்டுல இருந்து ரெண்டு பேரு இருக்கணும்." பொம்பளைக்கு எங்கேடா கால் கழுவுவாங்க என்று கேட்டேன். "இப்பல்லாம் கழுவுறாங்க. ரோமாபுரியிலேயே சொல்லியாச்சு. காலேஜ் படிச்சவ நீ, உனக்குத் தெரியாதா?" பங்குப்பேரவையின் துணைத்தலைவர் அவன், அவன் சொன்னால் நாற்காலி உண்டு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வானேன். இன்று காலையிலிருந்து என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் குதிகாலைத் தேய்த்து, வெடிப்பில் வாஸ்லின் தடவி, நகம் வெட்டி, கோவில் குழாயடியில் இன்னொரு தடவை கழுவி. பன்னிரண்டு பேரும் அப்படித்தான் வந்திருக்கிறோம், கழுவிய காலைக் கழுவிக்கொள்ள. நேற்று மாலை வரை வரப்பில் நடந்த காலெல்லாம் இன்று கல்யாணக் கால் மாதிரி இருக்கிறது. இதில் கழுவ என்ன மிச்சம் இருக்கிறது என்று நான்கூட வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன், குழாயடியில். மிச்சம் இருந்திருக்கிறது.

முன்பெல்லாம் இந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு ஆள் பிடிப்பதற்குள் உபதேசியார் சின்னப்பனுக்கு நாக்குத் தள்ளிவிடும். எங்கள் தெருக்காரர்கள் உட்கார மாட்டார்கள். ஊர் நடுவில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவது எங்களுக்கு வெட்கம். கீழத்தெருவிலிருந்து வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைப்பார், முடிந்ததும் ஆளுக்கு ஒரு வேட்டியும் ஒரு பன்னும் கொடுத்து அனுப்புவார்கள். ஏழைகளுக்கான சடங்கு அது என்றுதான் என் அம்மாகூட நினைத்திருந்தாள். இந்த வருஷம் பன்னிரண்டு பேரும் எங்கள் தெரு. பெயர் கொடுக்க வந்தவர்களைப் பார்த்துச் சின்னப்பன் கேட்டாராம், "சாமி கூஜாவுல தண்ணி வச்சிருக்காரா, பன்னீர் வச்சிருக்காரா? இம்புட்டுப் பேரு முண்டிக்கிட்டு வர்றீங்களே!" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்தேன். சின்னப்பன் கீழத்தெரு. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

முதல் நாற்காலிக்கு முன்னால் சாமி முழங்காலிட்டுவிட்டார். கோயில்பிள்ளை பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் வைக்கிறார். வலது காலை மட்டும் நீட்ட வேண்டும், அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, உதடு படக் குனிந்து முத்தி செய்வார், பிறகு அடுத்த நாற்காலி. பாடகர் குழு அன்பைப் பற்றிப் பாடுகிறது. நீட்டலாமா. நான் நீட்டினால், இன்னாசி போட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி, நாளைக்கு டீக்கடையில் எங்கள் பன்னிரண்டு காலைப் பற்றியும் பேசும்போது என் காலும் எண்ணிக்கையில் இருக்கும். எழுந்து போய்விட்டால்? மதலேனம்மா சாமி கைபட மனசில்லாமல் எழுந்து போய்விட்டாள் என்று பேசுவார்கள். அதைவிட இன்னாசிக்குச் சந்தோஷம் வேறு வேண்டாம், அவன் கேளாமலே நான் கொடுத்த சீதனம் மாதிரி. சாமியும் அப்படித்தான் நினைப்பார், அதுதான் தாங்காது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, வேண்டாம் சாமி என்று மெதுவாகச் சொன்னால்? ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவ வந்தபோது பேதுருகூட மாட்டேன் என்றார். அவர் சொன்னதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, குருவின் கை எங்கே, என் கால் எங்கே என்று கூசித்தான் மறுத்தார் என்பது இரண்டாயிரம் வருஷமாக எல்லாருக்கும் புரிகிறது. அதே சொல்லை இந்த ஊரில் என் வாயிலிருந்து கேட்டால் தலைகீழாகத்தான் கேட்பார்கள். நீட்டினாலும் தப்பு, இழுத்தாலும் தப்பு, எழுந்தாலும் தப்பு. இரண்டாவது நாற்காலிக்கு நகர்கிறார். எழுந்து நடந்தால் சீக்கிரம் ஆகும், அவர் முழங்காலாலேயே நகர்கிறார், தரையில் அங்கியின் ஓரம் ஈரமாகிக்கொண்டு வருகிறது.

அவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது வந்த வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சாதியைக் கேட்கவில்லை, சாமியாரிடம் யார் கேட்பார்கள், பாவமில்லையா. தொம்மைதான் கேட்டார், பூசை முடிந்து எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு நிற்கும்போது, ரொம்பப் பணிவாக, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "சாமி, உங்க ஊரு மாதா சப்பரம் ரொம்பப் பெருசாமே. உங்க வீட்டு வாசலுக்கு எத்தன மணிக்கு வரும்?" சாமி சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்க வாசலுக்கு வராதுங்க. நாங்கதான் மெயின் ரோட்டுல போய் நின்னு பாத்துட்டு வருவோம்." அவ்வளவுதான். வட்டமாக நின்றவர்களின் முகத்தில் எதுவும் மாறவில்லை, வட்டம் மட்டும் கொஞ்சம் பெரிதானது. அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்கும்போது பார்த்தேன், சிஸ்டர் கொடுக்கிற பக்கத்து வரிசை வாசல் வரைக்கும் நீண்டது, சாமி கொடுக்கிற பக்கத்தில் கீழத்தெருக்காரர்களும், வழி தெரியாத வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரும். அப்பம் ஒன்றுதான், ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டாகப் பிரித்ததுதான். வீடு மந்திரிக்கப் பக்கத்துப் பங்கிலிருந்து வேறு சாமியை வரவழைத்தார்கள், நல்ல நாள் ஒத்துவரவில்லை, அவர் எங்களுக்குப் பழக்கம் என்று ஏதாவது காரணம் இருக்கும். என் வீட்டுக்குக் கபிரியேல் சாமிதான் வந்தார். மற்ற வீடுகளில் காகிதக் கப்பில் காப்பி கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதனாலேயே நான் என் கல்யாண எவர்சில்வர் தம்ளரை எடுத்து விளக்கி, அதில் கொடுத்தேன். குடித்துவிட்டு நல்லா இருக்கும்மா என்றார். அன்று முழுக்க எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதுவரை எத்தனையோ சாமியார்களுக்குக் காப்பி கொடுத்திருக்கிறேன், எந்தத் தம்ளரில் கொடுத்தேன் என்று ஒன்றாவது நினைவிருக்கிறதா. இல்லை. இவருக்குக் கொடுத்தது மட்டும் விளிம்புத் தேய்வு உட்பட நினைவிருக்கிறது. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். முள் எடுக்கப் போய் முள் இன்னும் உள்ளே போகிற மாதிரி இருக்கிறது.

விபூதிப் புதன் அன்றுதான் அவர் பிரசங்கத்தில் சொன்னார், இந்தப் பாஸ்காவுக்கு உயிர்த்த ஆண்டவர் சப்பரம் கீழத்தெருவுக்கும் போகும் என்று. குரலை உயர்த்தாமல், அறிவிப்புகளோடு ஒரு அறிவிப்பாக, ஞாயிறு மறைக்கல்வி உண்டு, சனிக்கிழமை கோவில் சுத்தம் செய்ய இன்ன அன்பியம், சப்பரம் கீழத்தெரு வழியாக. இன்னாசி வீட்டு முற்றத்தில் அன்று சாயங்காலம் ஆட்கள் கூடினார்கள். நான் உள்ளே தம்பி பெண்டாட்டியோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒரே கூச்சல். அப்புறம் இன்னாசியின் குரல் மட்டும், "விடுங்கப்பா. மேலிடத்துக்கு எழுதுறதெல்லாம் வேணாம். அவரு எடம் எதுன்னு அவருக்கே ஞாபகம் வர்ற மாதிரி பண்ணுவோம். கோவிலுக்குள்ளேயே பண்ணுவோம். யாரும் கேக்க முடியாது." கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அதைக் கேட்டேன், கேட்டதை ஒரு சொல்லாகத்தான் கேட்டேன், அது இன்று இப்படி நாற்காலி போட்டு உட்காரும் என்று தெரியவில்லை. கோவிலுக்குள்ளேயே, யாரும் கேக்க முடியாது. உண்மைதான், யார் கேட்க முடியும். ஆண்டவரே செய்தது, ஆண்டவரே செய்யச் சொன்னது. அவர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்த இடத்தையே எடுத்து, ஒருவரைக் குனிய வைக்கிற இடமாக ஆக்கிவிட்டார்கள். இப்படி ஒரு யோசனை வேறு எந்த ஊரில் யாருக்கு வரும். என் தம்பிக்கு வந்திருக்கிறது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவனுக்கு.

கால் கழுவுவதென்றால் அவனுக்கு எப்போதும் ஒரே கணக்குத்தான். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கிறார், மைத்துனன் கால் கழுவி அழைக்க வேண்டும், இவன் செம்பைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று நிற்கிறான், மீசை அரும்பிய வயசு. "அவரு காலை நான் ஏன் கழுவணும்? அவரு என்ன என்னவிடப் பெரிய ஆளா?" அப்பா பல்லைக் கடிக்கிறார், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்தான், என் வீட்டுக்காரர், குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார், மோதிரத்தைக் காட்டினார் போலிருக்கிறது, இவன் தண்ணீரைத் தூர நின்று விசிறி அடித்தான், என் கூரைப் புடவைக் கரையெல்லாம் நனைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் கடைசி நாட்களில் கால் வீங்கிக் கிடந்தபோது நான் தினம் கழுவினேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு விரலாக. அப்போது அது மேலான காலா, கீழான காலா என்று எனக்குத் தோன்றியதேயில்லை. கனமாக இருந்தது, அழுத்தினால் குழி விழுந்தது, குழி நிரம்ப நேரமாயிற்று. அவர் கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கழுவுகிறவருக்கு எதுவும் குறைவதில்லை, கழுவிக்கொள்கிறவருக்குத்தான் கூசுகிறது, அது ஏன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நான் இப்போது சுவரைப் பார்க்கிறேன். சாமி பாதி வரிசையைத் தாண்டிவிட்டார். பாட்டு முடிந்து முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.

திருச்சியில் கல்லூரி விடுதியில் எங்களுக்கு ஞானோபதேசம் எடுத்த மதர் ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரர், தமிழை ஒவ்வொரு எழுத்தாகக் கழுவி வைத்த மாதிரி பேசுவார். ஒரு மழைநாள் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், கடவுள் மனிதர்களைப் படைக்கவில்லை பிள்ளைகளே, ஒரு மனிதரைப் படைக்கிறார், அப்புறம் ஒரு மனிதரைப் படைக்கிறார், ஒவ்வொரு தடவையும் அவரிடம் வேறு வேலை இல்லாத மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று ராத்திரி அதை நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்தேன், கவிதை மாதிரி இருந்தது, என்னைப் பற்றியது என்று நினைத்தேன். என்னைப் படைத்தபோது அவருக்கு வேறு வேலை இல்லை. எத்தனையோ வருஷம் அந்த வாக்கியத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கின மாதிரி வைத்திருந்தேன், பிள்ளை தங்காமல் போன வருஷத்தில், வீட்டுக்காரர் போன வருஷத்தில். அதே விடுதியில் கக்கூஸ் கழுவ வந்த பெண்ணைப் படைத்தபோதும் அவருக்கு வேறு வேலை இல்லை என்று அதற்கு அர்த்தம், அந்த அர்த்தம் எனக்குத் தோன்றவே இல்லை. அவள் பெயரும் ஞாபகம் இல்லை. ஞானஸ்நானப் பெயர் ஏதோ இருந்தது, வாளிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். தொம்மையைப் படைத்தபோதும் அவருக்கு வேறு வேலை இல்லை. இது கஷ்டம். கீழத்தெருவைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது, இந்தக் கரகரத்த குரலைச் சேர்த்துக்கொள்ள என் மனசு இடம் கொடுக்கவில்லை. நல்லாக் குனியட்டும் என்று சொன்ன வாயையும் ஒருவர் ஒரே ஒரு தடவை, கவனமாக, உட்கார்ந்து செய்தாரா.

தொம்மையிடம் வந்துவிட்டார். அடுத்தது நான். தொம்மை காலைத் தாம்பாளத்துக்கு நேராக இறக்கவில்லை, தரையோடு ஒட்டி, நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார், சாமி தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டு தலை அவர் முழங்காலுக்குக் கீழே போகும் அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. சாமியின் உச்சந்தலை எனக்குத் தெரிகிறது, சுழி இரண்டு, நடுவில் முடி மெலிந்திருக்கிறது. சின்ன வயசுதான். ஒரு அம்மா இந்தச் சுழியைப் பார்த்து என்னவோ பலன் சொல்லியிருப்பாள். "நல்லாத் தேச்சுவிடுங்க சாமி, வயக்காட்டுக் காலு" என்றார் தொம்மை, பக்தியாகச் சொல்கிற மாதிரி. இன்னாசியின் மூக்கிலிருந்து காற்று வந்தது. சாமி தேய்த்தார். நான் நினைத்த மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு அல்ல, சடங்குக்குத் தொட்டுவிட்டு விடுகிற மாதிரியும் அல்ல, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாத்திரத்தின் அடியைத் தேய்க்கிறவர் எங்கே கறை என்று பார்த்துப் பார்த்துத் தேய்ப்பாரே, அந்த மாதிரி. துண்டால் ஒற்றியபோது விரல்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். "விரலிடுக்குல ஈரம் தங்கிடுச்சுங்க. சேத்துப்புண் வந்து காஞ்சிருக்கு பாருங்க. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுங்க" என்றார். தொம்மைக்குச் சேத்துப்புண் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் பெண்டாட்டிக்குத் தெரியுமோ என்னவோ. சாமி குனிந்து அந்தக் காலை முத்தி செய்தார். தொம்மை காலை எடுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தேன், சுட்டுக்கொண்டவர் மாதிரி.

தாம்பாளம் கரகரவென்று தரையில் நகர்ந்து என் முன்னால் வந்து நின்றது. என்னுடைய கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, புடவைக்கு உள்ளே எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது. சாமி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது, நெற்றியில் வேர்வை, இரண்டும் கலந்து மூக்கில் இறங்குகிறது. இந்தச் சடங்கில் யாரும் பேசக்கூடாது. பேசாமல் இருந்தால் இந்தப் பாட்டு முடிவதற்குள் நான் செத்துவிடுவேன் போலிருந்தது. கை கூப்பிய சாக்கில் முன்னால் குனிந்து சொன்னேன், "சாமி. நாங்க பன்னெண்டு பேரும் எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது." சாமி கூஜாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, பரிதாபம் இல்லை, தெரிந்த வீட்டுக்கு வழி கேட்டவளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"தெரியும்மா. காலைக் குடுங்க."

கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை, கால் போய்விட்டது, அவர் கையில் இருந்தது. தண்ணீர் இத்தனை பேரைத் தாண்டி வந்தும் குளிர்ச்சியாக இருந்தது. தெரியும் என்கிறார். எப்போதிலிருந்து. பெயர்களைச் சின்னப்பன் கொண்டுபோய்க் காட்டியபோதேவா. தெரிந்துகொண்டே உடுப்பைக் கழற்றி மடித்தார், தெரிந்துகொண்டே முதல் நாற்காலியிலிருந்து இதுவரை முழங்காலால் வந்தார். அவர் ஏமாந்துகொண்டிருக்கிறார் என்று நான் அழுதுகொண்டிருந்தேனே, மனசுக்குள், இவ்வளவு நேரம். அவரைக் காப்பாற்றுவதா விடுவதா என்று நான் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். அவரைக் கீழே வைத்துப் பார்த்தவர்கள் இந்த வரிசையில் பதினொரு பேர் என்றுதானே எண்ணினேன். நானும் சேர்த்துத்தான் பன்னிரண்டு. பாவம் என்று பார்த்தால் மட்டும் மேலே பார்க்கிறதாகுமா, அதற்கும் குனிந்துதான் பார்க்க வேண்டும். கழுவுகிறார். பெருவிரல், அடுத்த விரல், வெடிப்பில் காலையில் தடவிய வாஸ்லின் வழுக்குகிறது, அதையும் தேய்த்து எடுக்கிறார். இந்தக் காலை என் வீட்டுக்காரர் போனபிறகு யாரும் தொட்டதில்லை. இது மேலத்தெருக் காலா, கிழவிக் காலா, படித்தவள் காலா, அதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியவில்லை, அல்லது எல்லாம் தெரிந்தும் அதற்கு வேறு வேலை இல்லை. துடைத்து, முத்தி செய்து, தரையில் மெதுவாக வைத்தார். சிமெண்ட்டுத் தரை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தாம்பாளம் கடைசி நாற்காலிக்கு நகர்ந்தபோது இன்னாசி எழுந்துவிட்டான். அவனுக்குக் கேட்டிருக்கிறது, நான் சொன்னதும் அவர் சொன்னதும். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு வேணாம் சாமி. போதும். விட்டுருங்க" என்று சுருக்கமாகச் சொல்லி வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டான். பாடகர் குழு ஒரு வரியோடு நின்றுவிட்டது. கோவில் முழுக்க நிமிர்ந்து பார்க்கிறது. நாளைக்கு ஊர் எதைச் சொல்லும் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது, இன்னாசி கடைசி நிமிஷத்தில் அவரைத் தொடவிடாமல் எழுந்துவிட்டான் என்பார்கள், சிங்கம் என்பார்கள், அவன் பயந்து எழுந்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. சாமி எழவில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் கூஜாவைப் பிடித்தபடி முழங்காலிலேயே இருந்தார். நான் இன்னாசியின் மணிக்கட்டைப் பிடித்தேன். கோவிலில், பீடத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க.

"உக்காரு."

"விடுக்கா. எல்லாம் தெரிஞ்சுகிட்டே கழுவுறாருக்கா." அவன் குரல் உடைந்து, கல்யாண வாசலில் செம்போடு நின்றவனின் குரல் மாதிரி கேட்டது. "அத எப்படி நான் வாங்கிக்கிறது?"

"நானும் இப்பத்தான் வாங்கிக்கிட்டேன். உக்காருடா."

அவன் நின்றான். தொம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் நாடி ஓடுவது என் விரலுக்குத் தெரிந்தது, வேகமாக, சின்னதாக. அப்புறம் நாற்காலி கிறீச்சிட்டது, இன்னாசி உட்கார்ந்துவிட்டான், கண்ணை மூடிக்கொண்டு வலது காலை நீட்டினான். அவன் கால்விரல்கள் ஐந்தும் உள்ளங்காலுக்குள் மடங்கி இறுகியிருந்தன, முதல் தடவை தண்ணீரில் இறக்குகிற குழந்தையின் கால் மாதிரி. சாமி அந்தக் காலை ஒரு கையில் ஏந்திக்கொண்டார். தண்ணீர் ஊற்றவில்லை. விரல்கள் தானாக விரியட்டும் என்று காத்திருந்தார்.